டென்னிஸ் போட்டிக்குத் தயாராகக் கம்ப்யூட்டர் உதவுமா?

டென்னிஸ் ஆடுவதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நிறைய சம்பந்தம் உண்டு என்பதே என் பதில். ஆனால் பலரும் நினைக்கும் விதத்தில் அல்ல.

நான் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாப்ட்வேர் இன்ஜினியர். மலைக்குக் கீழே நடக்கும் அமெச்சூர் ஒற்றையர் போட்டிக்காக இப்போது பயிற்சி செய்து வருகிறேன். சாமை காயவைக்கும் சிமென்ட் களத்தில் 78 அடி நீளம், 27 அடி அகலம் அளந்து சாக்பீஸ் கோடு போட்டு, குறுக்கே பழைய வலை கட்டி ஆடுகிறோம். எதிரே வரப்போகிறவர்களோ கோச் வைத்துப் பழகியவர்கள். இந்த இடைவெளியைக் கம்ப்யூட்டரால் எவ்வளவு குறைக்க முடியும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்வது, பெடரர், நடால் ஆட்டங்களை யூட்யூபில் மணிக்கணக்கில் பார்ப்பதுதான். அது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் நாம் எப்படி ஆடுகிறோம் என்பதை அது சொல்லாது.

1968-க்கு முன் விம்பிள்டனே அமெச்சூர்களுக்கான போட்டிதான். அதில் நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 என இரண்டு ஆண்டுகள் அரையிறுதி வரை சென்றார். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் ஆட்டத்தைப் பார்த்துத் திருத்த, அவருடைய தந்தை டி.கே. ராமநாதன் இருந்தார். அப்படிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாதவர்களுக்குத்தான் கேமராவும் கம்ப்யூட்டரும் வேண்டும் என்பது என் கருத்து.

செல்போனை ஸ்டாண்டில் பொருத்தி, உங்கள் செர்வை வீடியோ எடுங்கள். பந்து ராக்கெட்டில் ஒட்டியிருப்பது சுமார் 5 மில்லி விநாடிதான். சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 பிரேம்கள்; அதாவது 33 மில்லி விநாடிக்கு ஒரு படம். பந்து படும் கணம் பெரும்பாலும் தவறிவிடும். ஸ்லோமோஷனில் 240 பிரேம்கள் எடுக்கும் வசதி உங்கள் போனில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பைலை யூஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொள்ளலாம். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. மலையில் இருக்கும் எங்களுக்கு இது பெரிய வசதி.

விஎல்சி பிளேயரில் வீடியோவைத் திறந்து, கீபோர்டில் இ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டத் தட்ட ஒவ்வொரு பிரேமாக நகரும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கினோவியா என்ற இலவச சாப்ட்வேரையும் இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். இதில் இரண்டு வீடியோக்களை அருகருகே ஓடவிடலாம்.

ஒப்பிடுவதன் பலனுக்கு எங்கள் மலையிலேயே உதாரணம் உண்டு. 1988-ல் காவலூர் வானாய்வகத்தில் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு ராமானுஜன் என்று பெயர். வானத்தின் ஒரே பகுதியை வெவ்வேறு நேரத்தில் படமெடுத்து ஒப்பிட்டால், நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும். சிறுகோள் மட்டும் இடம் மாறியிருக்கும். உங்கள் செர்வையும் இப்படிப் பாருங்கள். சரியாக விழுந்த ஒன்று, வலையில் மோதிய ஒன்று. பந்தைத் தூக்கிப் போடும் இடம் மாறியிருக்கிறதா, முழங்கை தாழ்ந்திருக்கிறதா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது கணக்கு. எக்செலில் ஒரு காலத்தை முதல் செர்வுக்கு ஒதுக்குங்கள். உள்ளே விழுந்தால் 1, இல்லையென்றால் 0 என்று டைப் செய்யுங்கள். காலம் முழுவதையும் செலக்ட் செய்தால், கீழே சராசரி தானாகவே தெரியும். பார்முலா எதுவும் வேண்டாம். 0.45 என்றால் 45 சதவீதம். முன்னணி வீரர்களுக்கே இது சுமார் 60 சதவீதம்தான். என்னுடன் ஆடும் நண்பர் தன் பலவீனம் பேக்ஹேண்ட் என்றே நம்பியிருந்தார். எண்ணிப் பார்த்தால், அவர் அதிகப் புள்ளிகள் இழந்தது இரண்டாவது செர்வில். இப்போது தினமும் இரண்டாவது செர்வைத்தான் பழகுகிறார்.

இவ்வளவு சொன்னாலும், கம்ப்யூட்டரால் முடியாதவையும் உண்டு. சுமார் 700 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த காற்றில் பழகிய உடம்பு, கீழே வேலூர் வெயிலில் இரண்டு செட் ஆடத் திணறும். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். எனவே போட்டிக்குப் பத்து நாள் முன்பே கீழே இறங்கிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இதற்கு எந்த சாப்ட்வேரும் மாற்றாகாது.

அதனால் ஒரு விதி வைத்துக் கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஆடினால் பத்து நிமிடம் மட்டும் கம்ப்யூட்டர். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு குறையைக் கண்டுபிடித்து, மறுநாள் அதை மட்டும் திருத்துங்கள். விலை உயர்ந்த ஸ்மார்ட் வாட்ச், கட்டண சாப்ட்வேர் எல்லாம் பிறகு பார்த்துக் கொள்ளலாம். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரும் போனுமே தொடங்குவதற்குப் போதும். இன்று மாலை எடுக்கும் வீடியோவை, தேதியைப் பெயராகக் கொடுத்து ஒரு போல்டரில் சேமியுங்கள். ஒரு மாதம் கழித்து எடுப்பதை அதன் அருகே ஓடவிட்டுப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.