திண்ணையற்ற மன்றங்கள்

கட்டடக் கலை செல்வர்க்குரிய அணிகலன் என்று கூறும் அன்பர்களைக் கிடர்பூருக்கு அழைக்கின்றேன். 1892ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இத்துறைமுகத்தில் சரக்கு நனையாதிருக்கக் கிடங்குகள் எழுந்தன. அச்சுவரோரம் குந்தியிருக்கும் தொழிலாளியைக் கண்டவர்க்கு, அவை யாரை எண்ணி எழுந்தன என்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அருகே, அலிப்பூரில், பெல்வெடியர் மாளிகை உள்ளது. வங்கத் துணைநிலை ஆளுநர்கள் வாழ்ந்த அவ்வில்லம் 1953இல் தேசிய நூலகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆளுநர் விருந்து நிகழ்ந்த கூடத்தில் எளியோரும் அமர்ந்து பயின்றனர். பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை அரிதின் தேடிய நூல்களும் அந்நூலகத்தையே சேர்ந்தன. அயலார் அரண்மனையையே மாற்றியமைக்க இயலுமெனில், நாம் புதிதாகக் கட்டுவதில் தடை யாது?

நம்மவர் மன்றம் எழுப்பக் கருதும்போது முதலில் மேடையை அளக்கின்றனர். தலைவர் நாற்காலிக்கு இடம் ஒதுக்குகின்றனர். (பொன்னாடைக்கும் தனி அலமாரி உண்டு போலும்!) துறைமுகப் பணியில் உழைத்து ஓய்ந்த முதியவர் சாய்ந்தமர ஒரு திண்ணை, பிள்ளைகள் தமிழெழுத்துப் பழக வெளிச்சமுள்ள ஒரு மூலை என்றால் மட்டும் 'இடமில்லை' என்கின்றனர். முன்பின் அறியாத வழிப்போக்கர்க்கும் திண்ணை விட்ட மரபில் வந்தோர் இங்ஙனம் கூறலாமோ? மேடையில் நான்கடி குறைத்து, வாயிலில் திண்ணை கட்டுங்கள்.