தொகையின் பெயரும் பாட்டின் எண்ணும்

தமிழ் கற்பிக்கும் நமக்கு மென்பொருளில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஓசூரில் இருப்பவர்களுக்கு அது அத்தனை தொலைவில் இல்லை. நம் மாணவர்கள் சிலர் நாள்தோறும் அத்திப்பள்ளியைக் கடந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பணிக்குச் செல்பவர்கள். அவர்கள் வழியே நாம் அறிந்த வழக்கம் ஒன்று சுவடிகளை நினைவூட்டுகிறது.

மூலக் கோப்புகளிலிருந்து மென்பொருளைக் கட்டித்தரும் கருவிகளுள் மூத்தது, 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்'. ஆக்க வேண்டிய பொருளை அது 'இலக்கு' என்னும். இலக்கு இல்லாதபோதோ, மூலத்தைவிடப் பழையதாகும்போதோ மட்டுமே அது வேலையை மீண்டும் செய்யும். நூறு கோப்புகளை நகலெடுக்க நூறு இலக்குகள் எழுதச் சலிப்பவர், அனைத்தையும் ஒரே இலக்காக்கி, பணி முடிந்ததற்கு அடையாளமாக ஒரு வெற்றுக் கோப்பை வைத்துவிடுகிறார். பின்னர் நகல்களில் ஒன்று அழிந்தாலும் கருவி அறியாது. அடையாளக் கோப்பு இருக்கிறதே, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஓய்ந்துவிடும்.

பதிற்றுப்பத்து என்ற பெயரில் இன்றும் நூறு பாட்டுகள் இருக்கின்றன. நம் கையில் இருப்பவையோ எண்பதுதான். முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இழப்பே தெரியாது. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. ஆயினும் அடுத்த பாட்டை இழுத்து அந்த இடத்தை நிரப்பாமல், அவ்வெண்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் தனி எண் இருந்ததால்தான் எது போயிற்று என்று நம்மால் சொல்ல முடிகிறது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் ஒவ்வொரு மின்னூலுக்கும் தனி எண் தருகிறது. ஆனால் கல்லூரிகளிலும் நூலகங்களிலும் நாம் செய்வதென்ன? கோப்புறை முழுவதையும் வன்தட்டுக்கு மாற்றிவிட்டு, 'சங்க இலக்கியம் – முழுமை' என்று பெயரிட்டு நிம்மதியடைகிறோம். உள்ளே எத்தனை இருக்க வேண்டும், எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர் அரிது.

ஒரே விதியை எல்லாக் கோப்புகளுக்கும் தனித்தனியே பொருத்தும் வசதி மேக்கிலேயே உண்டு. எனவே சலிப்பைக் காரணம் காட்டுவதற்கில்லை. தொகைக்கு ஒரு பெயர் இருக்கட்டும். அதனுள் உள்ள ஒவ்வொன்றின் பட்டியலும் உடன் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். கரையானுக்குத் தப்பியவற்றைக் கவனக்குறைவுக்குக் கொடுக்க வேண்டாம்.