நம் பாட்டுக்கு நாமே செவிடரா?

சென்ற பங்குனியில், இரணைமடு வாய்க்கால் பாயும் ஊர்களுள் ஒன்றிலே, கோயில் திருவிழாவொன்றைக் காணச் சென்றிருந்தோம். காலபோக அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்திருந்த காலம். சுவாமி வீதிவலம் வந்து இருப்பிடம் சேர்ந்ததும் இசை நிகழ்ச்சி தொடங்கிற்று. வெளியூரிலிருந்து அழைக்கப்பட்ட இசைக்குழு மூன்று மணி நேரம் சினிமாப் பாடல்களைப் பாடிற்று. நன்றாகவே பாடிற்று, அதிலே நமக்குக் குறையில்லை.

நள்ளிரவு கடந்தபின், ஒலிபெருக்கிக்காரருக்கு உதவியாளாய் நின்ற இளைஞன் ஒருவன் மேடையோரம் வந்து, தானே எழுதி மெட்டமைத்த பாட்டொன்றைப் பாட இடம் கேட்டான். நிர்வாக சபைப் பெரியவர் ஒருவர், "தம்பி, சனம் எழும்பிப் போயிடும். சினிமாப் பாட்டு ஏதும் தெரிஞ்சால் ஒண்டைப் பாடும்" என்றார். அவன் ஒன்றும் பேசவில்லை. வயரைச் சுருட்டப் போய்விட்டான்.

பின்னர் அவனைத் தேடிச் சென்று, கைபேசியிலே பதிந்து வைத்திருந்த அந்தப் பாட்டைக் கேட்டோம். குளத்துக் கதவு திறக்கும் நாளை எண்ணிக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை அது. வயல் உண்டு, உழுவதற்குத் தகப்பன் இல்லை. தாளம் ஓரிடத்தில் தடுமாறிற்று. ஒலிப்பதிவில் கோழி கூவிற்று. ஆயினும் அது நம் ஊர்ப் பேச்சிலே நம் ஊர்த் துயரைச் சொன்ன பாட்டு. அன்றிரவு பாடப்பட்ட வேறெந்தப் பாட்டும் அதைச் செய்யவில்லை.

அந்தப் பெரியவர்மீது நாம் பழி சுமத்தோம். அவர் சொன்னது அவருடைய தீர்ப்பன்று. நம் எல்லாரிடமும் ஊறிப்போன பழக்கம். பிறர் முத்திரை குத்தித் தந்தாலன்றி நம் பாட்டை நாம் கேட்பதில்லை என்ற பழக்கம் அது. அதைப்பற்றியே இவ்வாரம் பேச விரும்புகின்றோம்.

வன்னி மண் என்றும் பாட்டிழந்து கிடந்த மண் அன்று. நாற்று நடுகையில் ஒரு பாட்டு, அரிவி வெட்டுகையில் ஒரு பாட்டு, சூடு மிதிக்கையில் ஒரு பாட்டு என்று உழவின் ஒவ்வொரு படியையும் பாட்டாலே கடந்தவர்கள் நம் முன்னோர். மதயானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தை என்னும் வீரப் பெண்ணின் கதையை வேலப்பணிக்கன் ஒப்பாரியாகப் பாடிக் காத்தவர்கள் அவர்கள். முல்லை மோடி என்று தனக்கெனப் பெயர் பெற்ற ஆட்டமுறையிலே கோவலன் கூத்தை ஆடிய நாடு இது. வைகாசிப் பொங்கலன்று கடல்நீரிலே விளக்கெரியும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் முன்றிலுக்கும் அந்தக் கூத்துக்கும் உள்ள உறவை முள்ளியவளையிலே குழந்தைகூட அறியும்.

இவையெல்லாம் ஒரு காலத்தில் புதிய பாட்டுகளே என்பதை மறந்துவிடுகின்றோம். யாரோ ஓர் அண்ணாவியார், யாரோ ஒரு கமக்காரன், யாரோ ஒரு விதவை முதன்முதலாய் வாய் திறந்து பாடியபோது, அயலிலே இருந்தவர்கள் எழும்பிப் போகாமல் இருந்து கேட்டார்கள். அவர்கள் கேட்டதனாலேயே அது பழைய பாட்டு ஆயிற்று. இன்றைய புதிய பாட்டை நாம் கேளாது விட்டால், நாளைக்கு நம் பேரப்பிள்ளைகளுக்குப் பழைய பாட்டு என்று எது எஞ்சும்?

அயலவர் நம்மைக் கேட்ட காலமும் உண்டு. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு பாடிய பொப் பாடல்களுக்குச் சினிமாக் கொம்பனி எதுவும் முதல் போடவில்லை. நித்தி விவசாயம் கற்றவர். மாமியையும் மருமகனையும் கள்ளுக்கொட்டிலையும் யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே பாடினார். இலங்கை வானொலி அவற்றை எடுத்துப் பரப்பிற்று. மனோகரன் பாடிய 'சுராங்கனி' கடல் கடந்து சென்று, சென்னைச் சினிமா தானே எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் புகழ் பெற்றது. அன்று நாம் கொடுத்தோம், அவர்கள் வாங்கினார்கள். இன்று அந்த ஓட்டம் ஒருவழிப் பாதையாயிற்று.

கூத்தின் கதையும் இதுவே. படித்தவர்கள் அதைப் பாமரர் ஆட்டமென்று ஒதுக்கியிருந்த காலத்திலே, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி நகரத்து அரங்குக்கு ஏற்ப அமைத்தார். கூத்து மாறியதைக் காட்டிலும் மாறியது கேட்போர் மனம். மதிப்புள்ளவர் ஒருவர் முன்வந்து, "இது நம்முடையது, இருந்து பாருங்கள்" என்று சொன்னதே போதுமானதாயிற்று. டாக்டர்களே, எந்திரிகளே, ஆசிரியர்களே! இன்று அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் அல்லவா?

நம் மக்களுக்கு இசைத்தாகம் இல்லையென்று சொல்வாரும் உளர். மின்சாரமும் மின்கலமும் இல்லாத பொருளாதாரத் தடைக் காலத்திலே, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். ஒருவர் சுழற்ற, பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்டனர். கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்தது. அத்தகைய மக்களுக்குத் தாகமில்லையென்று எந்த நாவாற் சொல்வது?

2023 ஒக்டோபரில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நிகழ்ச்சி நடத்தியபோதும், 2024 பெப்ரவரியில் அதே வெளியில் பாடகர் ஹரிஹரன் பாட வந்தபோதும் கூடிய கூட்டத்தை நாடு கண்டது. இரண்டாம் நிகழ்ச்சியிலே மக்கள் வெள்ளம் தடைகளை உடைத்துக்கொண்டு மேடையருகே பாய, பாட்டையே இடையில் நிறுத்த நேர்ந்தது. ஒழுங்கின்மைக்காகப் பலரும் இளைஞரைத் திட்டினர். ஒழுங்கின்மை தவறுதான். ஆனால், ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் திறக்கப்படும் வாய்க்காலின் கதவடியிலே நெரிசல் ஏற்படாதா? கிழமைதோறும் சிறு சிறு மேடைகளில் நம் ஊர்ப் பாட்டு ஒலித்திருந்தால், ஒரே இரவிலே முழுத் தாகத்தையும் தீர்க்க ஓட வேண்டியிராது.

2023 டிசெம்பரில் அரியாலைச் சிறுமி ஒருத்தி சென்னைத் தொலைக்காட்சிப் போட்டியிலே முதற்பரிசு பெற்றாள். ஈழத்தமிழர் வீடெல்லாம் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் நம் நெஞ்சை நாமே கேட்டுப் பார்ப்போம். அந்தப் பரிசுக்கு முன்னர், அவளைப்போல் பாடும் பிள்ளைகள் எத்தனை பேரை நாம் மேடையில் இருத்திக் கேட்டோம்? முல்லைத்தீவுக் கடற்கரையிலும், நெடுங்கேணிக் காட்டோரத்திலும், செட்டிகுளத்துக் குடியிருப்பிலும் அவளுக்கு நிகரான குரல்கள் இல்லையா? வன்னியிலே வாழ்ந்து, வன்னி வீடுகளிலெல்லாம் குரலால் வாழ்ந்த எஸ். ஜி. சாந்தன் 2017 பெப்ரவரியில் சிறுநீரக நோயால் மறைந்தபோது, இறுதி மரியாதைக்குத் திரண்டோம். உயிரோடிருக்கும் பாடகனுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை யாது என்பதை அன்று சிந்தித்தோமா?

2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டை நம் சிறுவரெல்லாம் அறிவர். அது எந்தப் படத்திலும் இடம்பெற்றதன்று. தனித்து நின்று உலகமெங்கும் ஓடிய பாட்டு. அதை எழுதிப் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வையே அதன் வேராகக் கொண்டார். நிலத்தைப் பண்படுத்தியவளுக்கு நிலமில்லை என்ற உண்மையே அப்பாட்டின் உயிர். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் கழனியாக்கி, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வாழும் குடும்பங்களுக்கு அந்த உண்மையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பாட்டு நம் முற்றத்திலே பிறந்திருக்கக்கூடும். பிறந்தும் இருக்கலாம், வயர் சுருட்டப் போயிருக்கலாம்!

அதே பாட்டு நமக்கொரு பாடமும் தருகின்றது. கோடிக்கணக்கானோர் கேட்ட அப்பாட்டால் தமக்கு வருமானமே வந்து சேரவில்லையென்று அதன் இசையமைப்பாளரே 2024இல் வெளிப்படையாகக் கூறினார். பேர்போனவர்களுக்கே அந்நிலையென்றால், பரந்தன் பையனின் நிலை என்ன? நெல்லை விளைவித்தவன் ஒருவன், விலை வைப்பவன் இன்னொருவன் என்ற நீதியை நம் கமக்காரர் நன்கு அறிவர். பாட்டை விளைவிப்பவனுக்கும் அதே நீதிதான் நடக்கின்றது. ஆதலின் கமக்காரர் இவன் பக்கம் நிற்பதே முறை.

சில மறுப்புகளுக்கு விடை கூறல் வேண்டும்.

"வயிற்றுக்கே வழியில்லை, பாட்டுக்கு என்ன அவசரம்?" என்பர் சிலர். கோயிலுக்குக் கோயில் இசைக்குழுவுக்கு நாம் அள்ளிக் கொடுக்கும் பணம் வானத்திலிருந்து விழுந்ததன்று. செலவு ஏற்கெனவே நடக்கின்றது. அது எங்கே செல்கின்றது என்பதே கேள்வி.

"இக்காலத்து இளைஞர் பாடுவது பாட்டா? வேகமாய்ப் பேசுவதும் மேலைநாட்டுத் தாளமுந்தானே!" என்பர் வேறு சிலர். வயலின் மேலைநாட்டு வாத்தியம். பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். ஆர்மோனியத்தை அந்நியமென்று அகில இந்திய வானொலி 1940 தொடக்கம் 1971 வரை விலக்கி வைத்தது. அதே ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டுதான் நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டத்தைப் பாடித் தமிழரை அழவைத்தார். கருவி எங்கிருந்து வந்தது என்பதன்று கேள்வி. அது யாருடைய கதையைச் சொல்கின்றது என்பதே கேள்வி. தரமற்ற பாட்டு வரும். வரட்டும்! பதரில்லாத சூடு எங்கே உண்டு? தூற்றினாலன்றோ மணி தெரியும்? கேளாதவன் தூற்றுவது எங்ஙனம்?

மூன்றாவது மறுப்பு மெல்லிய குரலில் சொல்லப்படுவது, அச்சம். தற்காலிகமென்று 1979இல் கொண்டுவரப்பட்டு 1982இல் நிலையாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலிலே இரண்டு தலைமுறை வளர்ந்தது. பாட்டெழுதும் பிள்ளையின் கையை, "எதற்கு வீண் வம்பு?" என்று தாய் பிடிக்கின்றாள். அவளை யார் குறைகூற முடியும்? தாய் அஞ்சாமல் தன் பிள்ளையைப் பாடவிடும் நாளே இந்நாட்டில் சுதந்திரம் உள்ள நாள் என்போம். அந்நாள் தானாக வராது. தனியாய்ப் பாடுகின்றவனை அச்சுறுத்துவது எளிது. ஊரே இருந்து கேட்கும் பாட்டுக்காரனை அச்சுறுத்துவது எளிதன்று.

எசுத்தோனியா என்னும் சிறு நாட்டைப் பாருங்கள். சனத்தொகை ஏறத்தாழ 13 இலட்சம். பிறர் ஆட்சியின்கீழ் இருந்த அந்த உழவர் நாட்டு மக்கள் 1869இல் தார்த்து நகரிலே கூடித் தம் மொழியிலே பாடும் விழாவைத் தொடங்கினர். கிராமத்துப் பாடற்குழுக்களே அதன் அடித்தளம். ஆட்சிகள் மாறின, போர்கள் வந்தன, விழா நிலைத்தது. பெரிய நாட்டின் பாட்டைக் காட்டிலும் தம் பாட்டு சிறந்தது என்று அவர்கள் வாதாடவில்லை. தம்முடையது என்று பாடினார்கள், அவ்வளவே.

இனி, செய்யக்கூடியவை சில சொல்வோம். கோயில் நிர்வாக சபையினரே! மூன்று மணி நேர நிகழ்ச்சியிலே அரை மணியை நம் ஊரார் தாமே ஆக்கிய பாட்டுக்கு ஒதுக்குங்கள். நள்ளிரவுக்குப் பின்னன்று, சனம் நிறைந்திருக்கும் நேரத்திலே. பாடுகின்றவனுக்கு மாலை மட்டும் போதாது. பேசிய தொகையை எழுத்திலே கொடுத்து, கையிலே கொடுங்கள்.

சனசமூக நிலையத்தாரே! பத்திரிகை வாசிக்க மேசை வைத்திருக்கின்றீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பாட்டுக் கேட்கவும் பாய் விரியுங்கள். புதிதாய் ஒரு பாட்டைக் கண்டெடுத்தவர் கொண்டுவந்து போடட்டும். பாடியவர் அயலில் இருப்பின் நேரிலே வந்து பாடட்டும். கேட்டவர் கருத்துச் சொல்லட்டும். இதற்கு மண்டபமும் வேண்டாம், அமைச்சர் விளக்கேற்றவும் வேண்டாம். அறிவியல் நகரிலே பொறியியலும் விவசாயமும் கற்கும் மாணவரும், வவுனியாப் பல்கலைக்கழக மாணவரும் ஒலிப்பதிவுக் கருவியோடு அயற்கிராமங்களுக்குச் செல்லட்டும். முதியோர் வாயிலுள்ள பழம்பாட்டையும் இளையோர் வாயிலுள்ள புதுப்பாட்டையும் ஒருங்கே பதிந்து வைக்கட்டும்.

சட்டமறிந்தவர்களே! 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டை ஆக்கியவனுக்கு அவன் வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டும் உரிமை உண்டு. அதற்குப் பதிவுகூட வேண்டியதில்லை. இவ்வுண்மையை எத்தனை இளைஞர் அறிவர்? கையொப்பமிடுமுன் வாசித்துக் காட்ட ஊருக்கொரு சட்டத்தரணி முன்வந்தாற் போதும்.

கனடாவிலும் இலண்டனிலும் வாழும் உறவுகளே! ஊர்க்கோயிலுக்குத் திருவிழாக் காசு அனுப்புகின்றீர்கள், வாழ்க. அடுத்த முறை அனுப்பும்போது, "எங்கட ஊர்ப் பிள்ளையள் பாடின பாட்டு எது? அதையும் அனுப்புங்கோ" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அனுப்பிய பாட்டை நால்வருக்குச் சொல்லும்போது, ஆக்கியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயரின்றிப் பரவும் பாட்டு, உரிமைக்காரன் கைவிட்ட காணிபோல் ஆகிவிடும். பின்னர் யார் வேலி போட்டாலும் கேட்க ஆளில்லை.

நிலம் பறிபோயிற்று என்று நாம் குரல் எழுப்புகின்றோம், எழுப்பவே வேண்டும். ஆனால் குரலையே நாம் பறிகொடுத்துவிட்டால் எதைக்கொண்டு எழுப்புவது? காதைத் திருப்பும் அதிகாரம் கொழும்பிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. அது நம் கழுத்தின்மேல் இருக்கின்றது.

அந்த இளைஞன் இன்றும் திருவிழாக்களில் வயர் இழுத்துக்கொண்டுதான் திரிகின்றான். ஆவணியில் அயலூர்க் கோயிலொன்றிலே அவனைப் பாட அழைத்திருக்கின்றார்களாம். நாம் போவோம்; முன்வரிசையிலே இருப்போம். வாசகர்களும் வருவார்களாக. பாட்டு முடியும்வரை எவரும் எழும்பிப் போகாதிருப்பார்களாக!