என்லார்ஜர் வாங்குமுன் வீட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் போன் செய்தான். பையன் என்ன, அவனுக்கே கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். "டீச்சர், வீட்டுல ஒரு ரூமை இருட்டறையா மாத்தி, பழைய முறையில படம் பிரிண்ட் போடப் போறேன். ரெண்டு என்லார்ஜர் விலைக்கு வருது. ஒண்ணு 35 மி.மீ. பிலிமுக்கு மட்டும், பாதி விலை. இன்னொண்ணு பெரிசு. எதை வாங்கட்டும்?" என்றான்.

"உங்க வீட்டு நெகடிவ் எல்லாம் என்ன அளவு?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அதனால்தான் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

என்லார்ஜர் என்பது பெரிய மாயமில்லை. மேலே விளக்கு, நடுவில் நெகடிவ், கீழே லென்ஸ், அடியில் பேப்பர். சின்ன நெகடிவைப் பெரிய படமாகக் காட்டுகிற கருவி, அவ்வளவுதான். 1858இல் லினியஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரக் கேப்டன் நம் பெரிய கோயிலைப் படமெடுத்தபோது இது தேவைப்படவில்லை. நெகடிவ் எவ்வளவு பெரியதோ படமும் அவ்வளவு பெரியது. விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பிறகு கேமரா சிறுத்தது, நெகடிவும் சிறுத்தது. என்லார்ஜர் இல்லாமல் முடியாது என்றாயிற்று.

நம் வீடுகளில் 1960, 70களில் எடுத்த படங்கள் பெரும்பாலும் 120 பிலிமில் எடுத்தவை. அக்ஃபா கிளிக் த்ரீ கேமரா ஞாபகம் இருக்கிறதா? ஒரு ரோலுக்கு 12 படம், சதுர நெகடிவ், பக்கத்துக்கு ஏறக்குறைய 6 செ.மீ. 35 மி.மீ. நெகடிவ் 24க்கு 36 மி.மீ.தான். சின்ன என்லார்ஜரில் சதுர நெகடிவை வைத்தால் நடுப்பகுதி மட்டும் விழும், ஓரமெல்லாம் போய்விடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2018 நவம்பர் 16 கஜா புயலில் ஒரத்தநாடு பக்கம் எங்கள் வீட்டு ஓடு பறந்தது. சுவரில் மாட்டியிருந்த அம்மா படம் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தால் கிழிந்தது. நல்லவேளையாக, அண்ணன் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த நெகடிவ் பிழைத்தது. ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். ஸ்கேன் செய்து, அழகு பண்ணுகிறேன் என்று அம்மாவின் நெற்றித் தழும்பைத் துடைத்துக் கொடுத்தார்கள். அது யார் முகமோ போல இருந்தது.

சரி, நாமே போடுவோம் என்று தெரிந்தவரிடம் ஒரு சின்ன என்லார்ஜர் இரவல் வாங்கினேன். அம்மா முகம் தழும்போடு வந்தது. மடியில் இருந்த தம்பி வரவில்லை. அவன் மூன்று வயதில் போய்விட்டான். அவனுக்கு வேறு படமே கிடையாது. ஒரு வருஷம் தேடி, 6க்கு 6 போடக்கூடிய என்லார்ஜர் வாங்கிய பிறகுதான் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தேன்.

ஆகவே என் கருத்து இதுதான்: கம்பெனிப் பெயரைப் பார்த்தோ விலையைப் பார்த்தோ வாங்காதீர்கள். வீட்டில் இருக்கிற நெகடிவைப் பார்த்து வாங்குங்கள். பெரியதில் சின்ன நெகடிவையும் போடலாம். சின்னதில் பெரியதைப் போட முடியாது.

நேரில் போகும்போது இவற்றைப் பாருங்கள்:

1. நெகடிவ் பிடிக்கும் சட்டம் கூடவே இருக்கிறதா? தொலைந்திருந்தால் வேறு கிடைப்பது கஷ்டம். 6க்கு 6க்கு 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் வேண்டும், 35க்கு 50 மி.மீ.

2. லென்ஸை முழுதாகத் திறந்து வெளிச்சத்தில் பிடியுங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரம் வரும்.

3. தலைப்பகுதியை மேலே ஏற்றி, மேசையை லேசாகத் தட்டுங்கள். ஆட்டம் நிற்க நேரமானால் படம் கலங்கும்.

4. விழுகிற வெளிச்சக் கட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களை அடிக்கோலால் அளங்கள். சமமில்லை என்றால் தலை சாய்ந்திருக்கிறது. ஒரு மூலை தெளிவாக இருக்கும், இன்னொன்று மங்கும்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னும் இரண்டு. குறுவை நேரத்தில் மும்முனை மின்சாரம் வந்ததும் ஊர் மோட்டார் எல்லாம் ஓடும், வோல்டேஜ் இறங்கும், விளக்கு மங்கும். அதே எட்டு விநாடிக்குப் படம் வெளுத்து வரும். ஸ்டெபிலைசர் வையுங்கள். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரையில் நம் குழாய்த் தண்ணீரே 30ஐத் தாண்டும். தட்டைச் சுற்றி ஐஸ் தண்ணீர் தேவை.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு டீச்சர், ஸ்கேன் போதாதா?" என்பீர்கள். முகத்தைப் பார்க்க மட்டும் என்றால் போதும். ஒரு போனில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதற்குச் சற்று மேலே நெகடிவைப் பிடித்து, இன்னொரு போனில் படமெடுத்து நிறத்தைத் திருப்பினால் ஆள் தெரிந்துவிடும். செலவே இல்லை. என்லார்ஜர் எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடியாயிற்று, பேப்பர் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். விலை கடிக்கும். ஆனால் வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்யப் போகிறவர் அரைகுறையாக வாங்கக் கூடாது.

இன்று ஒரு வீட்டுப்பாடம். பரண் மேல், பீரோ அடியில் இருக்கிற பழைய கவர், டப்பாவை இறக்குங்கள். நெகடிவை ஓரத்தைப் பிடித்துத் தூக்கி அடிக்கோலால் அளங்கள். யார் படம், எந்த ஊர் என்று பெரியவர்களிடம் கேட்டுக் கவர் மேல் பென்சிலால் எழுதுங்கள். அளவை இங்கே கமெண்டில் போடுங்கள். திருத்தித் தருகிறேன்.

போன் செய்த பையா, நீ அளந்துவிட்டாயா?

அன்புடன்,
உங்கள் டீச்சர்