சிக்னலில் கால் எடுத்தால் ஆஃப்!

சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் சின்ன லோடு வண்டி. பெட்ரோல் இன்ஜின், கேபிள் ஆக்சிலேட்டர். ஓடும்போது தொந்தரவு இல்லை. சிக்னலில் காலை எடுத்தால் சில சமயம் பொசுக்கென்று ஆஃப். ஸ்கேனர் போட்டதில் 'பி0123' என்று வந்திருக்கிறது. த்ராட்டில் சென்சாரை மாற்றியிருக்கிறார்கள். மூன்று நாள் ஓடியது, நாலாம் நாள் பழைய கதைதான். "இப்போ கம்ப்யூட்டரே போயிடுச்சுங்கிறாங்க சார். இன்னும் 14 தவணை பாக்கி இருக்கு. மாத்தித்தான் ஆகணுமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. வண்டி ஓட்டுவது அவருடைய கணவர், கணக்குப் பார்ப்பது இவர்.

இப்போதைக்கு மாற்றாதீங்கம்மா.

ஆக்சிலேட்டரை மிதித்தால், இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள வட்டத் தகடு திறக்கும். எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் த்ராட்டில் சென்சாரின் வேலை. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரிதான் அது. குமிழைத் திருகும்போது தேய்ந்துபோன ஓர் இடத்தில் 'கரகர' என்று வருமே, சென்சாரும் அப்படித் தேயும். பெரும்பாலும் லேசாக மிதித்து ஓட்டும் இடத்தில்தான் தேயும்.

காலை எடுத்து, தகடு மூடிவிட்டது என்று தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் ஐடிலிங்கைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். 'இன்னும் கொஞ்சம் திறந்திருக்கு' என்று தப்பான தகவல் போனால் அது சும்மா இருந்துவிடும். இன்ஜின் நின்றுவிடும்.

சரி, பி0123 என்றால்? சென்சாரிலிருந்து வரும் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட அதிகம் என்று அர்த்தம். சென்சார் கெட்டுவிட்டது என்று ஸ்கேனர் சொல்லவில்லை. அந்த லைனில் ஏதோ கோளாறு, அவ்வளவுதான். போனில் ஆள் கிடைக்கவில்லை என்றால் டவர் இல்லாமலும் இருக்கலாமே! இந்தச் சென்சாருக்குப் போவது மூன்று ஒயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். எர்த் ஒயர் சரியாகப் பிடிக்காவிட்டால் சிக்னல் வோல்டேஜ் தானாக ஏறிக்கொள்ளும். அப்போது எத்தனை புதுச் சென்சார் போட்டாலும் இதே கோடுதான் வரும்.

என் கண்ணை உறுத்துவது அந்த மூன்று நாள்தான். சென்சாரை மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். அதிலேயே உள்ளே இருக்கும் பின் கொஞ்சம் உரசிப் பிடித்திருக்கும். வண்டி குலுங்கக் குலுங்க மறுபடி விட்டிருக்கும். கடைசியாக வாட்டர் சர்வீஸ் எப்போது விட்டீர்கள்? கப்ளருக்குள் தண்ணீர் இறங்கி, பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். டிஜிட்டலைவிட ஊசி மீட்டர் இதற்கு நல்லது. சாவி ஆன், இன்ஜின் ஆஃப், கப்ளர் மாட்டியபடியே இருக்கட்டும். ஒயரைக் குத்தி ஓட்டை போடாமல், கப்ளரின் பின்பக்கமாகப் பார்க்க வேண்டும். சப்ளையில் 5 வோல்ட். எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். சிக்னலில் காலை எடுத்தால் அரை வோல்ட் அளவு, மெதுவாக முழுக்க மிதித்தால் 4 வோல்ட்டுக்கு மேல். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். ஊசி வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் சென்சார். மிதிக்காமல் ஒயரை ஆட்டும்போது துள்ளினால் ஒயரோ கப்ளரோதான். பத்து நிமிஷ வேலை.

சப்ளையே வரவில்லை என்றாலும் கம்ப்யூட்டர்மேல் பாயக்கூடாது. அதே 5 வோல்ட்டை வேறு சென்சார்களும் பங்கு போட்டுக்கொள்வது உண்டு. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலும் எல்லாம் படுத்துவிடும். ஒவ்வொன்றாகக் கப்ளரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வரிசையில் கடைசி. (கேபிள் இல்லாத புது வண்டிகளில் பெடலிலும் த்ராட்டிலிலும் இரண்டிரண்டு சென்சார் லைன் இருக்கும். அதற்குக் கணக்கு வேறு.)

ஒயர், சென்சார் எல்லாம் சரி, வோல்டேஜும் சரி, ஆனாலும் நிற்கிறதா? த்ராட்டில் பாடியில் கார்பன் அடைத்திருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும்.

சரியாகும்வரை உங்கள் வீட்டுக்காரரிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஓடும்போது இன்ஜின் நின்றால், பிரேக் பூஸ்டரில் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து ஓரங்கட்ட வேண்டும். மலைப்பாதைக்கு லோடு இப்போது வேண்டாம்.

கழற்றிய பழைய சென்சாரைப் பட்டறையில் கேட்டு வாங்கி வையுங்கள். கோளாறு ஒயரில்தான் என்று தெரிந்தால், அதையும் மாட்டி ஊசி மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் ஸ்பேராக டேஷ்போர்டில் போட்டு வைக்கலாம்.