பத்து டோக்கன், நாற்பது பிள்ளைகள்: யாரை முதல்ல பார்ப்பீங்க?

1/ ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க ஊர் அரசு மருத்துவமனைக்கு இன்னைக்கு மனநல மருத்துவர் வர்றார். மதியம் வரைதான் இருப்பார். நிதானமா பேசினா பத்து பிள்ளைகளைப் பார்க்கலாம். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. டோக்கன் கொடுக்குற வேலை உங்களுக்கு. யாருக்குக் கொடுப்பீங்க?

2/ "முதல்ல வந்தவங்களுக்கு"ன்னுதான் தோணும். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைச்சேன். நான் மனநல மருத்துவர் இல்லை, குழந்தைகள் மருத்துவர். ஆனா வயித்து வலி, தலைவலின்னு என்கிட்ட வர்ற பிள்ளைகள்ல எத்தனை பேருக்கு வலி மனசுல இருக்குன்னு தினமும் பார்க்கிறேன்.

3/ முதல்ல வர்றது யாருன்னு கவனிச்சிருக்கீங்களா? டவுன்ல வீடு இருக்கிறவங்க. ஒரு நாள் கூலியை விட்டுட்டு வர முடிஞ்சவங்க. "உங்க பையன் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான்"னு டீச்சர் சொல்லி அனுப்பின அம்மா. கடைசி பெஞ்சுல சத்தமே இல்லாம, சரியா சாப்பிடாம, தூங்காம இருக்கிற பொண்ணை யாரும் கூட்டிட்டு வர்றதில்லை. அவளால யாருக்கும் தொந்தரவு இல்லையே!

4/ சில வருஷம் முன்னாடி ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று நள்ளிரவில் கொண்டு வந்தாங்க. நாலு நாள் தீவிர சிகிச்சை. பிழைச்சுட்டா. டிஸ்சார்ஜ் அன்னைக்கு மனநல மருத்துவர் வர்ற நாள் இல்லை. "அடுத்த முறை வரும்போது காட்டவும்"னு சீட்டுல எழுதிக் கொடுத்தோம். யாரும் வரலை. ரெண்டு மாசம் கழிச்சு அதே பொண்ணு, அதே வார்டு. அந்தச் சீட்டை எழுதினது நான்தான்.

5/ இப்போ கணக்கு. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருக்கிறது. 2022-ல் மட்டும் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். ஆனா நம்ம நாட்டுல லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அதிலும் குழந்தைகள் மனநலம் படிச்சவங்க விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

6/ ஒரு பஸ் விபத்து. இருபது பேர் வர்றாங்க. வரிசைப்படியா பார்க்கிறோம்? இல்லை. "கத்துறவரை அப்புறம் பாரு, சத்தமே இல்லாம கிடக்கிறவரை முதல்ல பாரு"ன்னு ஹவுஸ் சர்ஜனா இருக்கும்போதே சொல்லிக் கொடுத்தாங்க. கத்துறவருக்கு மூச்சு இருக்கு, அவ்வளவுதான். மனசு விஷயத்துல மட்டும் நாம இதைத் தலைகீழா செய்யறோம்.

7/ என்னைக் கேட்டா வரிசை இதுதான்.

முதல் டோக்கன், தற்கொலைக்கு முயன்று பிழைத்த பிள்ளைக்கு. வீட்டுக்குப் போன பிறகு வர்ற முதல் சில வாரங்கள்தான் ஆபத்து மிகுந்தவை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115-ம் இதைத்தான் சொல்லுது: முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதணும், அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை. இது சலுகை இல்லை, உரிமை.

அடுத்தது, காதில் குரல் கேட்குது, எல்லாரும் எனக்கு எதிரா சதி பண்றாங்கன்னு சொல்ற இளைஞர்களுக்கு. சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகும். மந்திரிக்கப் போய் ஒரு வருஷம் தொலைச்சவங்களை நிறைய பார்த்திருக்கேன்.

மூணாவது, சாப்பாடு, தூக்கம், பள்ளி எல்லாத்தையும் விட்டுட்ட கடும் மனச்சோர்வு.

8/ "அப்போ மீதி முப்பது பேர்?" வீட்டுக்கு அனுப்பச் சொல்லலை. பரீட்சை பயம், நண்பர்களோட சண்டை, அப்பாவோட குடி... இதுல பலருக்கு முதல் தேவை மனநல மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற ஒருத்தர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கணும்.

இதுக்கு இந்தியாவிலேயே ஆதாரம் இருக்கு. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு ஆய்வு நடந்தது, 2018-ல் லான்செட்டில் வந்தது. மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு அறிகுறிகளும் அடிதடியும் கேலி கிண்டலும் குறைந்தன. அதே வேலையை ஆசிரியர் தலையில் கட்டின பள்ளிகளில் பெரிய பலன் இல்லை.

அதனால "டீச்சருக்கு ரெண்டு நாள் பயிற்சி கொடுத்தாச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தனியா ஓர் ஆள் வேணும், அவருக்குச் சம்பளம் வேணும்.

9/ "எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கலாமே"ன்னும் கேட்பாங்க. பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளை வச்சு நடந்த ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பள்ளிகளில் வகுப்பு முழுக்க எல்லா மாணவர்களுக்கும் மனநிறைகவனப் பயிற்சி கொடுத்துப் பார்த்தாங்க. 2022-ல் முடிவு வந்தது. வழக்கமான பாடங்களைவிட அது மேலானதா இல்லை. எல்லாருக்கும் ஒரு ஸ்பூன் கஞ்சி ஊத்தினா பார்க்க சமமா இருக்கும், பசிக்கிறவனுக்குப் பசி தீராது.

10/ இந்த வரிசையில் நஷ்டப்படுறவங்க இருக்காங்க. அதை மறைக்க மாட்டேன். துறுதுறு பையனோட அம்மாவும், பேச்சு வராத குழந்தையோட அப்பாவும் இன்னும் காத்திருக்கணும். அவங்க வலியும் உண்மை. அங்கேதான் எங்க வேலை. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு. பரிசோதனை, பயிற்சி, தேவைப்பட்டா மருந்து, இதையெல்லாம் குழந்தைகள் மருத்துவர்களே ஆரம்பிக்கலாம். "மனநல டாக்டரைப் பாருங்க"ன்னு சீட்டு எழுதிக் கையைக் கழுவுறதை நாங்க நிறுத்தணும்.

இன்னொண்ணு. பத்து டோக்கனைச் சரியா பங்கு போடறதாலேயே பத்து போதும்னு ஆகிடாது. இருபது வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கணும்.

11/ பெற்றோர்களே, உங்களுக்கு மூணு விஷயம்.

பிள்ளை ரெண்டு வாரத்துக்கு மேல பேச்சு, சாப்பாடு, விளையாட்டு எல்லாம் குறைஞ்சு ஒதுங்கினா, "வயசுக்கோளாறு"ன்னு விடாதீங்க.

"செத்துடலாம்னு தோணுதா?"ன்னு நேரடியா கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் வராது. கேட்காததாலதான் தனியா சுமக்கிறாங்க.

தற்கொலை முயற்சிக்குப் பிறகு டிஸ்சார்ஜ் ஆகும்போது, "மனநல மருத்துவரைப் பார்க்காம போக மாட்டோம்"னு சொல்லுங்க. அது உங்க உரிமை. உடனே ஆள் கிடைக்கலைன்னா டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104-ம் இருக்கு.

12/ அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு கேட்பீங்க. ரெண்டாவது தடவை நாங்க அனுப்பலை. உடம்பு தேறின பிறகும் மூணு நாள் வார்டுலயே வச்சிருந்தோம், மனநல மருத்துவர் வர்ற வரைக்கும். இப்போ கல்லூரியில் படிக்கிறா.

அந்த மூணு நாளும் அந்தப் படுக்கைக்கு வேற ஒரு குழந்தை காத்திருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். யாரையோ முதல்ல வைக்கும்போது யாரையோ ரெண்டாவதா வைக்கத்தான் செய்யறோம். அதை யோசிச்சு வைப்போம், சத்தத்தைப் பார்த்து வைக்க வேண்டாம்.