ஏட்டிலே பசுமை! ஆட்சியிலே வறட்சி!

1990இல் பிரான்சு நாட்டுத் தல்லுவாரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, சுற்றுச்சூழலைக் காப்பது எங்கள் கடமை எனப் பத்து அம்சப் பிரகடனம் வெளியிட்டனர். 1991இல் நமது உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பாடமாக்கப் பணித்தது. பாடம் வந்தது, தேர்வு வந்தது, மரக்கன்று நடும் விழாவும் வந்தது. வராதது எது? பொறுப்பு!

தேர்வுக்கு ஓர் அலுவலர் உண்டு. நிதிக்கு ஓர் அலுவலர் உண்டு. விடுதிக் கழிவுநீர் எங்கே போகிறது, ஆய்வுக்கூட அமிலம் எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்டால் பதில் சொல்பவர் யார்? பேராசிரியர் பொறியாளரைக் காட்டுவார். பொறியாளர் ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். அவரோ தொழிலாளியைக் காட்டுவார். வெறுங்கையோடு நிற்பவன் அவன்தான்!

பாதுகாப்புக் கருவியின்றி மனிதனைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பல்கலைக்கழகங்கள் அதனைத் தரம் பிரித்தாக வேண்டும் என 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? அதை நடத்த ஆள் வேண்டாமா?

எனவே கேட்கிறோம்: துணைவேந்தருக்கு நேரே பதில் சொல்லும் சுற்றுச்சூழல் அலுவலர் வேண்டும். நிதிநிலை அறிக்கையிலே தனி ஒதுக்கீடு வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும். அதை ஊரறிய வெளியிட வேண்டும். அந்தக் குழுவிலே, பேராசிரியருக்குப் பக்கத்திலே, துப்புரவுத் தொழிலாளிக்கும் நாற்காலி வேண்டும்!

இது சலுகையல்ல, தோழர்களே! சாக்கடையை அறிந்தவனுக்குச் சபையிலே உள்ள உரிமை!